பத்துன்னா பத்து

ரிட்டர்ன் அக்காவைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் எழுதுகிற பாடாய் இல்லை. சரி, குழாய் ரிப்பேர் செய்கிறவன் எழுதினால் பேனா மாட்டேன் என்றா சொல்லப்போகிறது?

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர அதற்கு வேறெங்கும் வேலையில்லை. வீட்டுச் சாமான் விற்கிற பெரிய கடை ஒன்றில், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார். பொருள் வாங்க வருகிறவன் சிரித்துக்கொண்டு வருவான். திருப்பித் தர வருகிறவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் வருவான். அடி கருகிப்போன வாணலியைத் தூக்கிவந்து, "வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்று குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அக்கா முகம் சுளிக்க மாட்டார். "புரியுதுங்க. இப்ப என்ன செய்யலாம்னு பார்ப்போம்" என்பார். நானாக இருந்தால் அந்த வாணலியாலேயே பதில் சொல்லியிருப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஊர் முழுக்க வால்வு மாட்டுறீங்க, உங்க வாய்க்கு ஒண்ணு மாட்டக் கூடாதா?" என்று என் மனைவி கேட்காத நாளில்லை.

அக்காவும் நானும் பழக்கமானது பிள்ளைகளால். எனக்கு ஒரு மகன், அக்காவுக்கு ஒரு மகள், இரண்டு பேருக்கும் ஆட்டிசம். சனிக்கிழமை காலையில் பயிற்சி மையத்துக்குக் கூட்டிவருவோம். பிள்ளைகள் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடுவார்கள். பெற்றவர்களுக்கு வெளியே நடைபாதை, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஒன்றே ஒன்றில் மட்டும் யாரோ புண்ணியவான் விட்டுப்போன மெத்தை இருந்தது.

நான் முதன்முதலில் போனபோது அந்த நடைபாதை இழவு வீடு மாதிரி இருந்தது. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அக்கா ஒருநாள் எழுந்து நின்றார்.

"இப்படியே அழுதுக்கிட்டிருந்தா இந்த நாற்காலிங்களும் நம்மளோட சேர்ந்து அழும். ஒரு போட்டி வெச்சுக்கலாம். இந்த வாரம் யாருக்கு ரொம்ப மோசமோ, மெத்தை நாற்காலி அவங்களுக்கு."

"அறிவுரை சொல்றவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"அவங்க கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும்."

அன்றிலிருந்து அந்த நடைபாதைக்கு உயிர் வந்தது. கார் ஓட்டக் கற்றுத்தருகிற மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் மகன் முடி வெட்டும்போது பாதியில் எழுந்து ஓடிவிட்டான். ஒரு வாரமாக இடது பக்கம் மைதானம், வலது பக்கம் காடு. "ஒரு பக்கம்தான் தெரியுற மாதிரி நிறுத்தி போட்டோ எடுத்தேங்க" என்றார். என் மகனுக்கு லிஃப்டில் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தியாக வேண்டும். நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூடுகிறவரை பக்கத்து வீட்டுக்காரர் என்னை முறைப்பார். ஒருநாள், "பிள்ளைய ஒழுங்கா வளர்க்கத் தெரியலையா?" என்றும் கேட்டுவிட்டார். நான் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அந்த வாரம் மெத்தை எனக்கு என்று நினைத்தேன். அக்கா வாயைத் திறந்தார்.

"நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். என் பொண்ணு வழக்கம்போல எல்லாக் குழாயையும் சரிபார்த்துக்கிட்டே போனா. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்ல போல. உள்ளே நாத்தனாரோட மாமனார் உடம்பு பூரா சோப்போட நிக்கிறாரு. இவ நேரா உள்ள போய், குழாயை மூடிட்டு, கதவையும் சாத்திட்டு வந்துட்டா."

"அவரு?"

"கண்ணுல சோப்பு. யார் வந்தா, யார் போனான்னு இன்னும் தெரியல."

மாஸ்டர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடிக்க ஓடினார். மறுபேச்சில்லாமல் நாற்காலியை விட்டுக்கொடுத்தோம்.

குழாய்களைச் சோதிப்பதால் அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். ஒன்பது வயது. பேசுவது குறைவு, பேசினால் அது உத்தரவு. இன்றைக்கு ஒன்றை ஒரு வரிசையில் செய்தோமானால் அந்த வரிசை அவளுக்குச் சட்டம். தட்டில் ரொட்டியை வலது பக்கம் வைத்துப் பழக்கிவிட்டால் ஆயுளுக்கும் வலது பக்கம்தான். அவள் அப்பா கிடங்கில் பெட்டி தூக்குகிற வண்டி ஓட்டுகிறார். நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். வார்த்தைகளைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி பேசுவார்.

ஒரு சனிக்கிழமை அக்கா வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னிக்குப் போட்டி வேண்டாம். இது எனக்கு" என்றார். குரல் உடைந்திருந்தது.

சில நாட்களாகவே இன்ஸ்பெக்டர் சாப்பிடவில்லையாம். தாடையைச் சுவரில் மோதிக்கொள்கிறாள், மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறாள். எங்கே வலிக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. வயிறா, காதா, தலையா என்று பெற்றவர்கள் திண்டாடியிருக்கிறார்கள். கடைசியில் கன்னம் வீங்கியபோதுதான் பல் என்று புரிந்தது. மருந்துக்கடைக்கு மேலே புதிதாகப் பல் மருத்துவமனை திறந்திருந்த இளம் பெண் டாக்டர், இவள் கொட்டாவி விட்ட நேரம் பார்த்துத் தள்ளி நின்றே டார்ச் அடித்துப் பார்த்தார். கடைவாயில் ஒரு பால் பல் சொத்தையாகிச் சீழ் வைத்திருக்கிறது. மருந்து கொடுத்தால் இரண்டு மூன்று வாரம் அடங்கும், அதற்குள் பிடுங்கியாக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்துப் பிடுங்கலாம். ஆனால் அங்கே முறை வர நாலு மாதமாகும்.

"நாலு பேர் பிடிச்சுக்கிட்டா அஞ்சு நிமிஷ வேலைன்னு நாத்தனார் சொல்றாங்க" என்றார் அக்கா.

"அவங்களை நாலு பேர் பிடிச்சு ஒரு பல்லைப் பிடுங்கிப் பார்த்துட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில், பல் அடைக்கவென்று நாலு பேர் அவளை அமுக்கிப் பிடித்தார்கள். அதில் அக்காவும் ஒருத்தர், மச்சானும் ஒருத்தர். வேலை முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து கழுத்துக்கு மேலே யார் கை பட்டாலும் அவள் அலறுவாள். முகத்தைத் தானே குழாயடியில் காட்டிக் கழுவிக்கொள்வாள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூட முடியாது.

"பெத்த பொண்ணோட கன்னத்தைத் தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. இன்னொரு தடவை அமுக்கிப் பிடிச்சா, கையைக்கூடத் தொட விடமாட்டா. நான் அதுக்கு ஒத்துக்க மாட்டேன்."

மச்சான் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "வலியில துடிக்கிறா. பார்க்க முடியல. ஒரே ஒரு தடவை..." என்றார்.

"போன தடவையும் ஒரே ஒரு தடவைன்னுதான் பிடிச்சோம்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல் வந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்துல மூணு நிமிஷ டான்சுக்கு ஒரு மாசம் ஒத்திகை பார்க்கிறாங்க. பல்லுக்குப் பார்க்கக் கூடாதா? நாம வீட்டுலயே ஆஸ்பத்திரி வைக்கிறோம். நீதான் டாக்டர்."

"நானா? இந்த மூஞ்சியா?"

"நீ தலையில லைட் மாட்டிக்கிட்டு சிங்குக்கு அடியில படுத்தா அவளும் வந்து பக்கத்துல படுத்துக்குவா. வேற யார் பக்கத்துல அவ அப்படி வந்திருக்கா, சொல்லு."

என்னைப் பெற்றவளுக்கு என்னை டாக்டர் ஆக்கிப் பார்க்க ஆசை. பத்தாவது தாண்டாத பிள்ளைக்கு அந்த ஆசை இப்படியா பலிக்க வேண்டும்!

மறுநாள் சாயங்காலமே அக்கா வீட்டுக் கூடத்தில் மருத்துவமனை திறந்தோம். சாய்வு நாற்காலி நோயாளிக்கு, சமையலறை ஸ்டூல் எனக்கு. பல் டாக்டர் தங்கமான பெண். பழைய வாய்க் கண்ணாடி ஒன்று, கையுறை, முகமூடி, மார்பில் கட்டுகிற காகிதத் துண்டு எல்லாம் கொடுத்து, என்ன செய்வார், எதற்கடுத்து எது என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் நாற்காலிக்கு வலது பக்கம். மச்சான் இடது பக்கம் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பார். அக்கா கால்மாட்டில் நின்று எண்ணுவார்.

தொடங்கும் முன்னால் அக்கா எங்களுக்கு ஒரு சட்டம் போட்டார்.

"வலிக்காதுன்னு யாரும் சொல்லக் கூடாது. சுருக்குன்னு குத்தும், வலிக்கும். பத்து எண்ணினதும் எல்லாக் கையும் வெளியே வந்துடும். இதைத்தான் சொல்லணும், இதைத்தான் செய்யணும். பத்துன்னா பத்து. பதினொண்ணு கிடையாது."

முதல் சாயங்காலங்களில் இன்ஸ்பெக்டர் கூடத்துக்கே வரவில்லை. சமையலறை வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் நோயாளியாகப் படுத்தேன், அக்கா என் வாயில் கண்ணாடியை விட்டு எண்ணினார். நான் கொஞ்சம் ஓவராகவே 'ஆ' காட்டினேன். அடுத்து மச்சான் படுத்தார். பிறகு சும்மா வேடிக்கை பார்க்க வந்த என் மனைவியும் படுத்தாள். "இந்த மனுஷன் என் வாயை அடைக்க இத்தனை வருஷம் காத்திருந்தாரு" என்று அவள் சொல்லி எல்லோரும் சிரித்தபோது, இன்ஸ்பெக்டர் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்தாள். அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் மெல்ல மெல்ல வேலை நடந்தது. முதலில் காகிதத் துண்டு மட்டும். பிறகு வெளிச்சம். பிறகு உதட்டில் கண்ணாடி. உலோகம் பட்டால் பொறுத்துக்கொண்டாள், விரல் பட்டால் மட்டும் பாம்பை மிதித்த மாதிரி எகிறினாள். விரல்நுனியை உதட்டோரத்தில் வைக்கவே ஒரு வாரம் ஓடிவிட்டது. நான் ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம்தான் பேச வேண்டும்: "வணக்கம் இன்ஸ்பெக்டர். இப்ப லைட். இப்ப கண்ணாடி. இப்ப சுருக்." 'சுருக்'குக்குப் பல் குத்தும் குச்சியின் மழுங்கின முனை. பத்து வரை அவளும் சேர்ந்து எண்ணுவாள். பத்தில் நாங்கள் தீயைத் தொட்டவர்கள் மாதிரி கையை எடுப்போம்.

ஒருநாள் மச்சான் மறதியில் வலது பக்கம் வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் இறங்கினாள், அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் இடது பக்கம் நிறுத்தினாள், திரும்ப ஏறிப் படுத்தாள். "மச்சான், உன் போஸ்டிங் அங்கதான்" என்றேன். அவரவர் இடம் அவரவருக்கு என்று அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது எங்களுக்குச் சிரிப்பாக இருந்ததே தவிர, அதில் ஒளிந்திருந்த ஆபத்து எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை.

அந்த நாள் வந்தது. என் வேனில்தான் போனோம். மற்ற நோயாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்து டாக்டர் வரச்சொல்லியிருந்தார். அவர்களை இறக்கிவிட்டுவிட்டு நான் ஒரு வீட்டில் வெடித்த குழாயைப் பார்க்கப் போக வேண்டும், அதனால் வேலைச் சட்டையோடு வெளி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் ஒழுங்காகப் படியேறினாள், ஒழுங்காகச் செருப்பைக் கழற்றினாள், அப்பா அம்மாவோடு உள்ளே போனாள். நான் மனசுக்குள் மார் தட்டிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"டாக்டர் இல்ல."

"நான்தான்மா டாக்டர். வா, உக்காரு" என்று டாக்டர் கொஞ்சலாகச் சொன்னார்.

"டாக்டர் இல்ல!"

கதவு படாரென்று திறந்தது. இன்ஸ்பெக்டர் வெளியே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். தரதரவென்று உள்ளே இழுத்துப்போய், பல் டாக்டர் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு முன்னால் என்னை நிறுத்தினாள். டாக்டரைப் பார்த்து, எழுந்திரு என்பதுபோலக் கையைக் காட்டினாள்.

"டாக்டர்" என்றாள், என்னைத் தொட்டு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதேதான். வெளிச்சத்துக்கு ஒத்திகை பார்த்தோம், சத்தத்துக்குப் பார்த்தோம், ஊசிக்குப் பார்த்தோம். யார் டாக்டர் என்பதற்கு மட்டும் பார்க்கவில்லை. அவளைப் பொறுத்தவரை மூன்று வாரமாக ஒரே டாக்டர்தான், அது நான். வேறொருத்தர் என் இடத்தில் உட்கார்ந்தால் அவர் போலி.

"ஐயோ கண்ணு, நான் குழாய்க்காரன்" என்றேன். எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் குரல் ஏறத் தொடங்கியது. கை தாடையை நோக்கிப் போனது. உதவிக்கு நின்ற நர்ஸ் மெதுவாக, "லேசாப் பிடிச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

மச்சான் அக்காவைப் பார்த்தார். மருந்துகள் முடிந்துவிட்டன. கன்னம் திரும்ப வீங்கத் தொடங்கியிருந்தது. இன்றைக்கு விட்டால் நாலு மாதம். அவர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"யாரும் பிடிக்கக் கூடாது" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. ஆனால் மச்சான் அப்படியே நின்றுவிட்டார். அக்கா கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். பிறகு பல் டாக்டரைப் பார்த்தார்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களால டார்ச் பிடிக்க முடியுமா?"

அந்தப் பெண்ணுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகத்தில் சிரிப்பு பரவியது. அவர் படித்த படிப்புக்கு, வேறு யாராவது இருந்தால் எங்களை வாசலுக்கு வழி காட்டியிருப்பார்கள். இவரோ எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். மச்சான் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு நேராக இடது பக்கம் போய் நின்றார்.

"பல்லும் இந்தப் பக்கம்தான் இருக்கு. எனக்கு வசதிதான்" என்றார். என்னிடம் குனிந்து, "நீங்க பேசுங்க, கண்ணாடியைப் பிடிங்க. மத்தது எல்லாம் நான். சரியா, டாக்டர்?" என்றார்.

நர்ஸ் எனக்குக் கையுறை மாட்டிவிட்டார். வேலைச் சட்டைக்கு மேல் ஒரு மேலங்கி. மச்சானுக்குப் பாவம் போஸ்டிங் இல்லை, கதவோரம் போய் நின்றார். இன்ஸ்பெக்டர் இடது பக்கம் டார்ச் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள், இருந்தது, விட்டுவிட்டாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"வணக்கம் இன்ஸ்பெக்டர்."

அவள் ஏறிப் படுத்தாள்.

"இப்ப லைட்." டாக்டர் டார்ச்சை அடித்தார். "இப்ப கண்ணாடி." வாயைத் திறந்தாள். நான் கண்ணாடியால் கன்னத்தை ஒதுக்கினேன். டாக்டரின் இன்னொரு கை, முதலில் மரத்துப்போகிற மருந்தைத் தடவியது. கொஞ்சம் பொறுத்து ஊசி வந்தது.

"இப்ப சுருக். வலிக்கும்."

"ஒண்ணு" என்றார் அக்கா கால்மாட்டிலிருந்து.

இன்ஸ்பெக்டரின் உடம்பு வில்லாக வளைந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அலறிக்கொண்டே எண்ணினாள். ஆனால் வாயை மூடவில்லை. பத்தில் கை வெளியே வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு தைரியமான ஆளை நான் பார்த்ததில்லை. எந்தக் கொம்பனும் அவளுக்கு ஈடில்லை.

மரத்துப்போகக் காத்திருந்தோம். பிறகு கடைசிப் பகுதி. டாக்டரின் கையில் இடுக்கி. நான் வசனத்தைச் சொன்னேன், அக்கா எண்ணத் தொடங்கினார். டாக்டர் பல்லைப் பிடித்து அசைத்தார். அது வரவில்லை. ஏழு. எட்டு. டாக்டரின் நெற்றியில் வியர்வை. ஒன்பது. பல் ஆடிவிட்டது, எனக்கே கண்ணாடியில் தெரிந்தது. இன்னும் ஒரு திருகு, அவ்வளவுதான்.

"பத்து. கையை எடுங்க" என்றார் அக்கா.

"ஒரே ஒரு செகண்டு, வந்துடுச்சு..."

"பத்துன்னா பத்து, டாக்டர்."

எனக்கு அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு தூரம் வந்து, வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைக்கிறாரே! மச்சான் கதவோரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு பல்லை விட்டுவிட்டு இடுக்கியோடு கையை வெளியே எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் வாயை மூடினாள். எழுந்து உட்கார்ந்தாள். எல்லோருடைய கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், என் கை, டாக்டர் கை, அம்மா கை. எல்லாம் வெளியேதான் இருந்தன. அவள் இறங்கி ஓடப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுந்து கையுறையைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டேன்.

அவள் திரும்பப் படுத்தாள். தானாகவே வாயைத் திறந்தாள். நாங்கள் அசையாததைப் பார்த்து, "லைட்" என்று எங்களுக்கு ஞாபகப்படுத்தினாள்.

டாக்டர் டார்ச்சை அடித்தார். அக்கா எண்ணினார். இந்தத் தடவை அக்கா குரல் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுங்கியது. ஆறில் பல் வந்துவிட்டது. தட்டில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஆனால் இன்ஸ்பெக்டர் நிறுத்தவில்லை. ரத்தம் வழிகிற வாயோடு குழறிக் குழறி, ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டே போனாள். நாங்கள் ஐந்து பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றோம். பத்து வந்த பிறகுதான் ஆளாளுக்கு மூச்சு விட்டோம்.

மச்சான் வாய்விட்டு அழுதார். நர்ஸும் அழுதார். எனக்குக் கண்ணில் தூசி. டாக்டர் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு ஓரத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பாதியில கையை எடுத்தது இதுதான் எனக்கு முதல் தடவை" என்றார்.

"எடுத்ததாலதான் ரெண்டாவது தடவை வாயைத் தொறந்தா" என்றார் அக்கா.

என்னிடம் டாக்டர் கையை நீட்டினார். "நல்லாப் பண்ணினீங்க, டாக்டர்." குலுக்கினேன். எங்கம்மா இருந்திருந்தால் நாலு தெருவுக்குச் சொல்லியிருப்பாள்.

கீழே வந்து வேனில் ஏறினோம். மச்சான் முன்னால் என் பக்கத்தில், அம்மாவும் பெண்ணும் பின்னால். பஞ்சைக் கடித்துக் கன்னத்தை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். இன்ஸ்பெக்டர் உத்தரவைச் சரியாக நிறைவேற்றினாள், உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து விடாமல் அழுத்திக்கொண்டு வந்தாள். இரண்டு தெரு தாண்டியதும் அவளுக்குக் கை வலித்திருக்க வேண்டும். கையை மாற்றிப் பார்த்தாள், அதுவும் வலித்தது போல. பிறகு பக்கத்தில் இருந்த அம்மாவின் கையை, ஏதோ அலமாரியிலிருந்து ஒரு சாமானை எடுப்பதுபோல எடுத்தாள். தன் கன்னத்தில் வைத்து, "பிடி" என்றாள்.

நான் வேன் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா கையை அசைக்கவில்லை, மூச்சுகூட விடவில்லை என்று நினைக்கிறேன். மகள் அந்தக் கைமேல் சாய்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மச்சான் திரும்பிப் பார்த்தார், சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார்.

என் போன் அடித்தது. குழாய் வெடித்த வீட்டுக்காரர். "எங்கப்பா இருக்கே? கூடம் பூரா தண்ணி!" என்று கத்தினார். "வந்துக்கிட்டே இருக்கேன் சார்" என்று சொல்லி வைத்தேன். அக்கா வீட்டுத் திருப்பம் வந்தது. இண்டிகேட்டர் போட்டேன்.

"தம்பி" என்றார் அக்கா பின்னாலிருந்து. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட அவர் அசையவில்லை. "கை மரத்துப் போச்சு."

"மாத்திக்கோங்க அக்கா."

"மாட்டேன். நீ சுத்திப் போற வழி எது இருக்கோ, அதுல போ."

இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராக ஓட்டினேன்.